மறு: பொதிக் களஞ்சியங்களில் ‘ஹூக்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ஹூக் என்பது, நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ என்னும் கருவி குறிப்பிட்ட கட்டங்களில் தானாக ஓட்டும் சிறு நிரல். அதற்குத் தமிழில் ‘தூண்டி’யா ‘கொக்கி’யா என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> ‘தூண்டி’ போதுமே. தரவுத்தளத்தில் ட்ரிகருக்கு அதைத்தானே சொல்கிறோம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நாம் கிட்டில் தள்ளுவதுதான், அதாவது மாற்றங்களை வழங்கிக்கு அனுப்புவதுதான் தூண்டுகிறது, ஹூக் தூண்டப்படுகிறது. அதோடு, பொதிக் களஞ்சியம் (மென்பொருள் பொதிகளுக்கான சேமிப்பிடம்) நடத்துகிறவர்களுக்கு ஹூக் தேவைப்படுவதே பெரும்பாலும் தடுப்பதற்குத்தான். ‘தூண்டி தடுத்தது’ என்று எழுதினால் வாசிக்கிறவர் குழம்பிப்போவார்.

ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பயனர் களஞ்சியத்தைப் பாருங்கள். 2015இல் அது கிட்டுக்கு மாறியது. பொதி கட்டும் குறிப்பான பிகேஜிபில்ட் கோப்பைத் திருத்தித் தள்ளியதும், வழங்கியில் ‘அப்டேட்’ ஹூக் ஓடுகிறது. புதிதாக வந்த ஒவ்வொரு கமிட்டையும் (கிட்டில் பதிந்த மாற்றத்தையும்) திறந்து பார்க்கிறது. குறிப்பின் சுருக்கமான எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பு ஏதாவது ஒரு கமிட்டில் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடும். அடுத்த கமிட்டில் சேர்த்துவிட்டேன் என்றால் எடுபடாது, பழைய கமிட்டையே திருத்தி எழுத வேண்டும். பெரிய கோப்புகளுக்கும் ‘மாஸ்டர்’ என்னும் முதன்மைக் கிளை அல்லாத கிளைகளுக்கும் (தனியாக வளரும் கமிட் தொடர்களுக்கும்) அங்கே இடமில்லை. எல்லாம் சரி என்றால் பொதியின் பெயர், பதிப்பு, சார்புகளைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு உள்ளே விடும். காவலும் கணக்கும் ஒரே நிரலில்! இதைத் ‘தூண்டி’ தாங்காது.

> ‘கொக்கி’ என்றால் கதவும் தொட்டிலும்தான் நினைவுக்கு வருகின்றன.

அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. கொக்கி ஓர் இடம். எதை மாட்டுவது என்பது நம் விருப்பம். புதுக் கிட் களஞ்சியம் தொடங்கியதுமே ஹூக்ஸ் அடைவில் ‘.சாம்பிள்’ என்று முடியும் மாதிரிக் கோப்புகள் வந்துவிடும். அந்த வாலை எடுக்கும்வரை ஒன்றும் ஓடாது. கொக்கி இருக்கிறது, இன்னும் எதையும் மாட்டவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இடத்துக்கும் மாட்டும் நிரலுக்கும் ஒரே பெயர். நாம் பிரித்தே சொல்லலாம்: இடம் கொக்கி, மாட்டுவது கொக்கிநிரல்.

புதியவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ‘நான் ஹூக் எழுதிவிட்டேன், களஞ்சியத்தை நகலெடுத்த நண்பருக்கு ஏன் ஓடவில்லை?’ கொக்கி அவரவர் வீட்டுச் சுவரில் இருப்பது. நகலெடுக்கும்போது கிட் அதை எடுத்துப் போகாது. போனால் முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல் நம் கணினியில் தானாக ஓடும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான விதியை வழங்கியில்தான் மாட்ட வேண்டும்.

அடுத்தது ஹூக் பெயர்களில் வரும் ‘ப்ரீ’, ‘போஸ்ட்’, அதாவது முன், பின். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் பொதி கட்டிப் பார்க்கும் நிரலை, தள்ளியதை வழங்கி பெற்ற பின் ஓடும் ‘போஸ்ட்-ரிசீவ்’இல் மாட்டியிருந்தோம். கட்டமுடியாத பொதி வந்தால் அது பிழை என்று கத்தும், ஆனால் அதற்குள் கமிட் களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஹூக் பூச்சியமல்லாத எண்ணோடு, அதாவது தோல்வி என்று சொல்லி முடிந்தாலும் எதுவும் திரும்பாது. பெறுவதற்கு முன் ஓடும் ‘ப்ரீ-ரிசீவ்’ அப்படி முடிந்தால்தான் தள்ளியது மொத்தமும் திரும்பும். பெயரிலேயே இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்திருந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

‘முன்பெறுகை’, ‘பின்பெறுகை’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். முன்பதிவு, முன்பணம் போல அது வேறு பொருள் தந்துவிடும். தமிழில் ‘வருமுன் காத்தல்’ என்கிறோமே, அந்த அமைப்பு கையிலேயே இருக்கிறது. என் பரிந்துரை:

பெறுமுன் கொக்கி, பெற்றபின் கொக்கி, தள்ளுமுன் கொக்கி, பதியுமுன் கொக்கி, பதிந்தபின் கொக்கி.

சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. ஆவணங்களுக்கும் இடைமுகத்துக்கும் இவை போதும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றக்கூடாது, கிட் அந்தப் பெயரை வைத்துத்தான் நிரலைத் தேடுகிறது.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது ‘அப்டேட்’தான். பெறுமுன் கொக்கி ஒரு தள்ளலுக்கு ஒருமுறை ஓடும். இது தள்ளிய ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக ஓடி, ஒன்றைத் தடுத்து மற்றதை உள்ளே விடும். ‘புதுப்பிப்புக் கொக்கி’ என்றால் இந்தக் குணம் தெரியவில்லை. ‘கிளைவாரிக் கொக்கி’ என்று யோசித்தேன், ஆனால் டேகுகளுக்கும் (கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டுகளுக்கும்) இது ஓடுகிறதே. வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.