ஆறு ஃபேன் இருந்தும் சிபியு 97 டிகிரி போகுது, எங்க தப்பு நடக்குது?

திருச்சி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு பிசி அசெம்பிள் பண்ணேன், ப்ராசஸர் (சிபியு) ஐ5 12400எஃப், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, கூலர் ப்ராசஸர் பாக்ஸோட வந்தது தான். கேபினெட்ல 120 எம்எம் ஆர்ஜிபி (கலர் லைட்டு எரியுற) ஃபேன் ஆறு இருக்கு, முன்னாடி மூணு மேல ரெண்டு பின்னாடி ஒண்ணு, எல்லாம் கடையிலயே மாட்டிக் குடுத்தாங்க. மார்கழி தை வரைக்கும் ஒண்ணும் தெரியல, இப்ப வெயில்ல ரூமே 37 டிகிரி, கேம் ஆரம்பிச்சு இருபது நிமிஷத்துல சிபியு 97 போயிடுது, கார்டு 84, கேமும் திக்கித் திக்கி ஓடுது. சைடு கண்ணாடியக் கழட்டிட்டு டேபிள் ஃபேன வச்சா மட்டும் 12, 13 டிகிரி இறங்குது. அதே ரூம்ல தான் தங்கச்சி நீட்டுக்குப் படிக்கிறா, இந்த இரைச்சல்ல அவளால உக்காரவே முடியல, அது தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. சேத்து வச்ச காசுல 240 எம்எம் வாட்டர் கூலர் வாங்கிடலாமா?

மதுரை_சர்வீஸ்:
தம்பி, காச எடுத்து உள்ள வை. கண்ணாடியக் கழட்டுன உடனே அவ்ளோ இறங்குதுன்னா கூலர் தன் வேலையச் செய்யுதுன்னு தான் அர்த்தம், அதுக்குப் புதுக் காத்து வந்து சேரல, உள்ள சுத்துன சூடான காத்தையே திரும்பத் திரும்ப இழுத்துட்டு கெடக்கு. இந்த ப்ராசஸருக்கு 100 டிகிரி எல்லை, அதத் தொட்டா தானா வேகத்தக் குறைச்சுக்கும், கேம் திக்குறது அதனாலயா இருக்கும்.

மொதல்ல ஃபேன் எந்தப் பக்கம் ஊதுதுன்னு பாரு. ஃபேன்ல குறுக்குக் கம்பி மாதிரி நாலு கை வந்து நடுவுல ஸ்டிக்கர் ஒட்டிருக்கும்ல, காத்து அந்தப் பக்கமா தான் வெளிய வரும். சந்தேகமா இருந்தா ஒரு ஊதுபத்திய ஏத்தி ஒவ்வொரு ஃபேன் கிட்டயும் பிடி, புகை சொல்லிடும். இன்னொண்ணு, கேபினெட் பின்னாடி கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழ இருக்குற ஸ்லாட் மூடில தூசி படிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு.

திருச்சி_பையன்:
அண்ணா இப்ப தான் பாத்தேன், முன்னாடி மூணு ஃபேன் கிட்டயும் பத்தியப் பிடிச்சா புகை என் மூஞ்சிக்கு வருது! ஆறும் காத்த வெளிய தான் தள்ளுது. ஸ்லாட் மூடி ஓட்டைலெல்லாம் தூசி வரிவரியா ஒட்டிருக்கு, விரல வச்சா பஞ்சு மாதிரி கையோட வருது.

மதுரை_சர்வீஸ்:
அதே தான். சைடு கண்ணாடி வழியா லைட்டு அழகாத் தெரியணும்னு ஆறையும் முகம் உள்ள பாக்குற மாதிரி திருப்பி மாட்டிருப்பாங்க, இந்த மாதிரி வர்ற கேபினெட் நான் நெறையப் பாத்துட்டேன். எல்லாமே வெளிய தள்ளுனா உள்ள காத்தழுத்தம் குறையும், கெடச்ச ஓட்டை வழியாலாம் ஃபில்டர் இல்லாம தூசியோட காத்து உள்ள வரும். முன்னாடி மூணையும் திருப்பிப் போடு, நாலு நாலு ஸ்க்ரூ தான். மேல ரெண்டுல முன்பக்கம் இருக்குறதக் கழட்டிடு, முன்னாடி வர்ற புதுக் காத்து கூலருக்குப் போறதுக்குள்ள அது மேல இழுத்து வெளிய விட்டுரும்.

கோவை_ஸ்பின்னர்:
அண்ணன் சொன்னது சரி, நான் சத்தத்தப் பத்திச் சொல்றேன், ஏன்னா படிக்கிற பிள்ள பக்கத்துல இருக்கு. ஃபேன் வொயர் நாலு பின்னா, இல்ல பவர் சப்ளைலருந்து நேரா மோலெக்ஸ்ங்கிற பெரிய பவர் ப்ளக்ல போகுதான்னு பாருங்க ப்ரோ. மோலெக்ஸ்னா எப்பவும் 12 வோல்ட், முழு வேகம் தான். நாலு பின்னா இருந்தா மதர்போர்டுல குத்தி பயாஸ்ல (ஆன் பண்றப்ப உள்ள போற போர்டு செட்டிங்ஸ்ல) வேகத்த செட் பண்ணிக்கலாம். வேகத்த பாதியாக் குறைச்சா காத்தும் பாதியாகும், ஆனா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிடும், காதுக்கு அது ரொம்பப் பெரிய வித்தியாசம். ஒரே ஹெட்டர்ல (போர்டுல ஃபேன் வொயர் குத்துற எடம்) ஸ்ப்ளிட்டர் போட்டு மூணு ஃபேன் மாட்டுறதா இருந்தா ஸ்டிக்கர்ல இருக்குற ஆம்பியரக் கூட்டிப் பாருங்க, ஒரு ஹெட்டருக்கு பெரும்பாலும் 1 ஆம்பியர் தான் கணக்கு.

தூசி அடிக்க ப்ளோயர் வச்சீங்கன்னா ஃபேன் இறக்கைய விரலால பிடிச்சுக்கிட்டு அடிங்க. விட்டா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும், நானே அப்படி ஒரு ஃபேன இழந்திருக்கேன்.

திருச்சி_பையன்:
முடிச்சுட்டேன் அண்ணா, ஞாயித்துக்கெழம மத்தியானம் முழுக்க ஆச்சு. ரூம் அதே 37 டிகிரி, அதே கேம், ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன், சிபியு 83 தாண்டல, கார்டு 75. மோலெக்ஸ்ல இருந்தத போர்டுக்கு மாத்திட்டேன், சும்மா இருக்குறப்ப 600 ஆர்பிஎம்ல ஓடுது. பிசி ஆன்ல தான் இருக்கான்னு தங்கச்சி கேட்டா. உங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பின்னாடி ஃபேன் மட்டும் காலைல ஆன் பண்ணுறப்ப கரகரன்னு சத்தம் வந்து கொஞ்ச நேரத்துல அடங்குது, அத மாத்தணுமா?

மதுரை_சர்வீஸ்:
ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் வத்துனா அப்படித் தான் ஆரம்பிக்கும். தேங்காண்ணெய் கீங்காண்ணெய் விட்டுறாத, பிசுக்காயி நின்னுடும். மேல கழட்டுன ஃபேன் சும்மா தான கெடக்கு, அத பின்னாடி மாட்டிக்கோ.