வியட்நாம் மலைக் குடும்பங்களின் கடன் தரவு: வறுமைப் புள்ளியை வெட்டுக்கோடாக வைக்கலாமா?

சொன் லா, தியென் பியென் மாகாணங்களில் தாய், மோங் இனக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் கடன் வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா என்பது கேள்வி. ஒரே குடும்பங்களிடம் 2022, 2024-இல் எடுத்த தரவு; மென்பொருள் ஸ்டேட்டா 17. எப்படி ஓட்டினாலும் கடன் வாங்கியவர்களின் வருமானம்தான் குறைவாக வருகிறது. காரணம் தெரிந்ததுதான்: அரசின் சமூகக் கொள்கை வங்கி தரும் சலுகைக் கடன் ஏழைப் பட்டியலைப் பார்த்தே போகிறது.

ஏற்கெனவே செய்தவை: கடனே வேண்டாதவர்களையும், 'கேட்டாலும் கிடைக்காது' என்று விண்ணப்பிக்காதவர்களையும் பிரித்தாயிற்று. உரம் வாங்கிய ஆண்டில் நிகர வருமானம் எதிர்மறையாகி ஜினியை (ஏற்றத்தாழ்வு அளவீட்டை) கெடுத்ததால், நுகர்வுச் செலவுக்கு மாறினோம். பிராபென்சிட்டி மேட்சிங்கில் (கடன் வாங்கியவரை, அவரைப் போன்ற வாங்காதவரோடு ஒப்பிடும் முறை) உயர்மலை மோங் குடும்பங்களுக்கு இணையே அகப்படவில்லை. வங்கிக் கிளைக்கான தூரத்தைக் கருவி மாறியாக (கடன் வழியாக மட்டுமே விளைவைத் தொடும் மாறி) வைத்தால், அதன் வலுவைக் காட்டும் எஃப் மதிப்பு 10-ஐத் தாண்டவில்லை. வங்கி ஆட்களே மாதம் ஒரு குறித்த நாளில் கம்யூன் (உள்ளூர் நிர்வாகப் பிரிவு) அலுவலகத்துக்கு வந்து உட்காரும்போது தூரத்துக்கு என்ன வேலை? கம்யூன் மையத்துக்கான தூரமோ சந்தைக்கான தூரத்தையும் சேர்த்து இழுக்கிறது.

மிச்சம் இருப்பது வறுமைக் கணக்கெடுப்புப் புள்ளி, அதாவது ஏழைப் பட்டியலில் யார் என்று முடிவு செய்யும் மதிப்பெண். ஆனால் வறுமையிலிருந்து புதிதாக மீண்டவர்களுக்கும் கடன் உண்டு. கோடு அங்கேதான் மங்குகிறது. அவர்களை நீக்கினால் கோட்டுக்கு மேலேயே ஆள் குறைந்துபோகும்.

அவர்களை வைத்துக்கொண்டே ஃபஸி ரிக்ரெஷன் டிஸ்கன்டின்யூட்டி (வெட்டுக்கோட்டில் கடன் கிடைக்கும் வாய்ப்பு முழுதாக அல்லாமல் ஓரளவே மாறும்போது, கோட்டின் இருபுறத்தாரையும் ஒப்பிடும் முறை) ஓட்டினால் முடிவு நிற்குமா?