புதுப்பிப்பு: தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு மறுபடி சர்ஃபிங்

இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு மறுபடி சர்ஃபிங் செய்ய முடியுமா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். முடிகிறது. கோவளம் கடலில், குப்புறப் படுத்தபடி.

கலிஃபோர்னியாவின் ஜெஸ்ஸி பில்லாயரைப் பார்த்துத்தான் தெம்பு வந்தது. 1996இல் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர் படுத்தபடியே அலை ஏறினார். 2001இல் 'லைஃப் ரோல்ஸ் ஆன்' அமைப்பைத் தொடங்கி மற்றவர்களையும் கடலில் இறக்கினார். பெரிய மனசு!

என் பலகை அகலமானது. நெஞ்சுக்கு அடியில் திண்டு, இருபக்கமும் கைப்பிடி. ஒரு நண்பர் பின்னாலிருந்து அலைக்குள் தள்ளிவிடுவார், இன்னொருவர் கரைப்பக்கம் பிடிக்க நிற்பார். தலையைத் தூக்கியே வைத்திருப்பதால் கழுத்துதான் முதலில் சோர்ந்துபோகும்.

அப்புறம், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு: தோலைக் கவனியுங்கள். மணல் உரசி முழங்கால் தோல் வழன்றது எனக்குத் தெரியவேயில்லை, கரையேறிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன். இப்போது காலை முழுக்க மூடும் உடை போட்டுத்தான் இறங்குகிறேன். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் சட்டென்று எகிறலாம். இறங்கும் முன் அதைக் காலி செய்துவிடுங்கள், மருத்துவரிடமும் பேசிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கடல் முரடாக இருக்கும், அப்போது நான் போவதில்லை. தை பிறந்ததும் மறுபடி இறங்குவேன்.