போனஸ் வந்ததும் சேமிக்கலாம் என்று 6 வருடமாகச் சொல்கிறேன்

திருப்பூர்_கணக்கர்:
வயது 38. பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 24,000, பி.எஃப். 12 சதவீதம் பிடிக்கிறார்கள். அதைத் தவிர வயதான காலத்துக்கு ஒன்றும் இல்லை. தீபாவளி போனஸில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்க வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பேன். துணிமணி, வண்டி சர்வீஸ், ஊருக்குப் போய்வருவது என்று அந்த வாரமே தீர்ந்துவிடும். ஆனால் மாதச் சீட்டுக்கு ஒரு தவணைகூட நான் தவறியதில்லை. ஏன் இப்படி? ஏப்ரலில் இன்கிரிமென்ட் வருகிறது. வி.பி.எஃப்., அதாவது பிடிக்கிற பி.எஃப்.-க்கு மேல் நாமாகவே கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது, போடலாமா?

மீனாட்சி_54:
போடுங்கள் தம்பி, ஆனால் அப்படிப் பிடிக்கச் சொல்லும் கடிதத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். சீட்டுக்குத் தேதி இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. போனஸுக்கு இரண்டும் இல்லை. கைக்கு வந்த பணத்திலிருந்து எடுத்துவைப்பது வலிக்கும். இன்னும் வராத பணத்தை விட்டுக்கொடுப்பது அவ்வளவாக வலிக்காது.

அமெரிக்காவில் தேலர், பெனார்ட்சி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஒரு தொழிற்சாலையில் செய்து பார்த்தார்கள். இப்போதே சேமிப்பைக் கூட்ட மறுத்தவர்களிடம், ‘அடுத்த சம்பள உயர்விலிருந்து கூட்டலாமா?’ என்று கேட்டபோது பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது. ஆட்கள் மாறவில்லை, கேட்ட நேரம்தான் மாறியது.

நான் 1999-ல் வேலை மாறியபோது பி.எஃப். பணம் 41,000-ஐ மொத்தமாக எடுத்துவிட்டேன். அப்போது வட்டி 12 சதவீதம். ஓய்வு என்பது யாருக்கோ வருகிற விஷயம் மாதிரி இருந்தது. இன்னும் 4 வருடத்தில் எனக்கே வருகிறது. நீங்கள் வேலை மாறினால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். எடுக்கவே எடுக்காதீர்கள்.

சேலம்_ரவி:
அக்கா சொல்வது சரி. பி.பி.எஃப். தொடங்கினாலும் தேதி முக்கியம். 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 6-ல் போட்டால், 7.1 சதவீதக் கணக்கில் ஏறக்குறைய 887 ரூபாய் போய்விடும். அப்புறம், அவசரச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். வி.பி.எஃப்.-ஐ நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது.

திருப்பூர்_கணக்கர்:
நன்றி அக்கா, நன்றி ரவி. இன்று எச்.ஆரில் விசாரித்தேன், மார்ச் 20-க்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் என்று எழுதிவிட்டேன். நாளைக் காலை கொடுக்கிறேன். சீட்டும் தொடரும், அது அவசரத்துக்கு.