சேர்க்கை உற்பத்தியா, அடுக்காக்கமா, வனைவா?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, பாலிடெக்னிக் பாடநூலில் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். அடிட்டிவ் மேனுஃபாக்சரிங், அதாவது பொருளை வெட்டிக் குறைக்காமல் பெரும்பாலும் அடுக்கடுக்காகச் சேர்த்தே பாகத்தை உருவாக்கும் முறை, பல்கலைக்கழக ஆய்வையும் புதுப்பொருள் உருவாக்கத்தையும் எப்படி மாற்றியது என்பதே அதன் பேச்சு. 'பல்கலைக்கழகங்களில் சேர்க்கை உற்பத்தி' என்று தலைப்பிட்டதும் கை நின்றுவிட்டது. மாணவர் அதை அட்மிஷன் என்றுதான் படிப்பார். 'முப்பரிமாண அச்சு' போதுமா?

கோவை பட்டறைக்காரர்:
போதாது. எங்களுக்கு அச்சு என்றால் பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் மோல்டு, டை. அதைச் செய்யவே வாரக்கணக்காகும், செலவும் அதிகம். இந்த முறையின் பெருமையே அச்சில்லாமல் நேராகப் பாகம் கிடைப்பதுதான். வரைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருத்தி உடனே மறுபடி செய்யலாம். ஆய்வு மாணவருக்கு அதுதானே வரம்! அச்சே வேண்டாத முறைக்கு அச்சு என்று பெயர் வைக்கலாமா?

தமிழாசிரியை:
> அச்சே வேண்டாத முறைக்கு

அந்தப் பெயருக்கும் காரணம் உண்டு ஐயா. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இமானுவேல் சாக்ஸ் குழுவினர் 1989இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில், அச்சுப்பொறி மை தெளிப்பதுபோலப் பொடிப்பரப்பின் மேல் பசை தெளிக்கப்பட்டது. ஆனால் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு லேசரால் பொடியை இறுக்கிய முறையில் அச்சடிப்பே இல்லை. ஆகவே பொதுப்பெயராக அது பொருந்தாது.

என் பரிந்துரை 'வனைவு'. புறநானூறு 256இல் கலம்செய் கோவிடம், அதாவது குயவரிடம், தாழியை 'அகலிது ஆக வனைமோ' (அகலமாக வனைந்து தா) என்று கேட்கிறாள் ஒருத்தி. மண்ணை வெட்டிக் குறைக்காமல் எழுப்பி உருவாக்கும் வினை அது. அதே பாட்டில் வரும் 'அச்சுடைச் சாகாட்டு' வண்டியின் இருசு. இருசு, மோல்டு, அச்செழுத்து மூன்றுக்கும் வேர் ஒன்றா என்று தனி மடல் எழுதுகிறேன்.

இயந்திரவியல் விரிவுரையாளர்:
வேர் ஆராய்ச்சி பிறகு வரட்டும் அம்மா. வனைவு என்றால் வகுப்பில் குயவர் சக்கரம்தான் நினைவுக்கு வரும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த ராக்கெட் நிறுவனமான அக்னிகுல், ஒரே துண்டாக இப்படிச் செய்த ராக்கெட் எஞ்சினை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. தனித்தனிப் பாகங்களைப் பற்றவைத்து இணைக்கும் வேலை அதில் இல்லை. இதை விளக்க 'அடுக்கு உற்பத்தி' என்றால் கேட்டவுடன் புரியும்.

தமிழாசிரியை:
உற்பத்தி வடசொல். 'அடுக்காக்கம்' என்றாவது எழுதுங்கள்.

விரிவுரையாளர்:
பால் உற்பத்தி, மின் உற்பத்தி என்று ஊரே பேசுகிறது. அதை மட்டும் ஏன் துரத்த வேண்டும்?

பட்டறைக்காரர்:
அடுக்கிலும் எனக்கு முழு நிறைவில்லை. தேய்ந்த டர்பைன் பிளேடின் நுனியில் உலோகப் பொடியை உருக்கி ஏற்றிச் சரிசெய்வதும் இந்த வகைதான். அங்கே முக்கியம் சேர்ப்பது.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நேரம் இல்லை. 'அடுக்கு உற்பத்தி' என்றே போடுகிறேன். ஆய்வகத்தில் இருக்கும் கருவிக்கு மட்டும் முப்பரிமாண அச்சுப்பொறி.

தமிழாசிரியை:
எனக்கு உடன்பாடில்லை. அடுத்த இயலில், பொருளை வெட்டிக் குறைத்து வடிவமைக்கும் லேத், மில்லிங் இரண்டுக்கும் பொதுப்பெயர் தேவைப்படும். வனைவுக்கு எதிரே 'செதுக்கு' என்று வைக்கலாம். அடுக்குக்கு எதிரே எதை வைப்பீர்கள்?