சூடானபிறகும் ஐடில் இறங்காத பழைய கார்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாங்குளத்திலிருந்து:
என்னுடையது 93ஆம் ஆண்டுக் கொரோலா. சூடானபிறகு ஐடில், அதாவது ஆக்சிலேற்றரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கிட்ட வந்து நிற்கவேண்டியது, 1800இல் இரைந்துகொண்டே நிற்கும். ஒரு கராஜில் ஐடிலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவைத் திருகினார்கள். இன்னொரு இடத்தில் சென்சரை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் ஐயா குறட்டின் வாயில் பழந்துணியைச் சுற்றி, இஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு ஹோஸாக நெரித்துப் பார்த்தார். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை நெரித்ததும் இரைச்சல் சட்டென்று விழுந்துவிட்டது! பூஸ்டர் முனையில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. அதுவழியாக இஞ்சினுக்குள் போன காற்றுதான் ஐடிலைத் தூக்கியிருக்கிறது. பிரேக் மிதி இறுகிக் கிடந்ததற்கும் அதுதான் காரணம். ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும். அந்தப் பிரேக்கோடு ஓடியதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

பரந்தனிலிருந்து:
அண்ணை, எல்லாப் பழியையும் ஹோஸில் போடவேண்டாம். என்னுடையதும் அந்தக் காலத்துக் கொரோலாதான், ஆனால் ஹோஸ் எல்லாம் புதிது. ஐடில் ஏறி ஏறி இறங்கும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருந்தது. இஞ்சினுக்குக் காற்றை விடும் துரொட்டில் பொடிக்கு அடியில் மெழுகு வால்வு ஒன்று இருக்கிறதல்லவா, அதைச் சுற்றிச் சூடான தண்ணீர் ஓடினால்தான் அது மூடும். ஓடாவிட்டால் இஞ்சின் இன்னும் குளிர் என்று காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் கேத்தில் அடியைப் போல வெள்ளைச் சுண்ணாம்பு. நம் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:
மாமாவின் மொரிஸ் மைனர், போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நின்றுவிடாமல் இருக்க ஐடிலைக் கூட்டியே வைத்திருந்தார். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபின் ஸ்குரூவை முழுக்கத் தளர்த்தியும் இறங்கவில்லை. பெற்றோலையும் காற்றையும் கலந்து விடும் எஸ்யூ காபரேற்றரின் துரொட்டில் தண்டு தேய்ந்து ஆடியது, அந்த இடைவெளியால் காற்று. விரலால் தண்டை ஒரு பக்கம் அழுத்தியபோது சத்தம் மாறியது இப்பவும் காதில் நிற்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் ஆக்சிலேற்றர் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ண இழுக்கும் சோக் முழுக்க உள்ளே போகிறதா என்று பாருங்கள். சோக்கின் கேபிள் இறுகினால் அது பாதியில் நின்று ஐடிலைத் தூக்கிப் பிடிக்கும். அதன்பிறகு, காபரேற்றரிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுப் போகும் மனிபோல்ட் குழாயின் கஸ்கெட். காபரேற்றர் கிளீனரை ஓரமாக அடித்தால், சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. இத்தனையும் பார்த்தபிறகுதான் ஸ்குரூவைத் தொடவேண்டும். ஓட்டையை வைத்துக்கொண்டு ஸ்குரூவைத் திருகினால், நோய் அப்படியே இருக்கும், சரியான அளவும் கெட்டுப்போகும்.

மல்லாவியிலிருந்து:
கிளீனர் அடிக்கச் சொன்னவருக்கு: மொரிஸில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் புகை வெளியே போகும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம். சூடான எக்ஸோஸ்டில் அது பட்டால் தீப்பிடிக்கும்! தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு துண்டு றப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையைக் கஸ்கெட் ஓரமாகக் கொண்டுபோங்கள். காற்று உள்ளே போகும் இடத்தில் ‘உஸ்’ என்று கேட்கும். காற்றாடிக்குக் கிட்ட மட்டும் போகவேண்டாம்.