கொங்கிறீற் பாதைக்குக் கீழே போன பைபர் வயரை மாற்றிய கதை

இன்டர்நெட் வரும் பைபர் வயரை மாற்றப் பாதையை உடைக்க வேண்டும் என்று யாராவது வந்து சொன்னால், முதலில் வயருக்குள் வரும் வெளிச்சத்தைக் கம்பத்தில் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டில் மேசன் செலவைக் குறைத்தது.

நாங்கள் இருப்பது கிளிநொச்சியில், ஏ9 வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில். வளவுக்குள் மாடு நிற்கிறது. காலபோக நெல் வெட்டு முடிந்தால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் கேற்றுக்குள்ளால்தான் வரும், சுமையின் உயரத்துக்கு ஒரு வயரும் தப்பாது. அதனால் கேற் போட்டு, போர்ட்டிக்கோ வரை கொங்கிறீற் பாதை போட்டபோதே, மேலால் தொங்கிய வயரைக் கேற் தூணடியில் இறக்கி ஒரு அங்குல பிவிசி பைப்புக்குள் விட்டு நிலத்துக்குக் கீழே கொண்டு போய்விட்டோம். பார்க்கவும் துப்புரவாக இருந்தது, பல வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் கரைச்சல். முதலில் இரவில் மட்டும் விட்டுவிட்டு வந்தது, மகளின் வகுப்பு நடுவில் நின்று போகும், ரவுட்டரை நிறுத்திப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு ஒரு நாள் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியது, அதோடு சரி. அந்த விளக்கு சிவப்பு என்றால் வெளியில் இருந்து வர வேண்டிய வெளிச்சம் பெட்டிக்கு வரவில்லை என்று அர்த்தம், ரவுட்டரை எத்தனை முறை நிறுத்திப் போட்டாலும் வராது. ஆனால் தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். போதாததற்கு, "உங்கள் முறைப்பாடு சீர்செய்யப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தியும் வந்தது, சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே.

பழைய செப்புக் கம்பிக் காலத்தில் மழை வந்தால் போனில் கரகரவென்று சத்தம் கேட்கும், இணைப்புக்குள் தண்ணீர் போய்விட்டது என்று எல்லாரும் சொல்வோம், அது சரியும்தான். பைபரில் அப்படி இல்லை. உள்ளே ஓடுவது கண்ணாடி இழை, அதில் போவது வெளிச்சம், பைப்புக்குள் தண்ணீர் நின்றதற்காக உடனே லைன் நிற்காது. அதைக் கெடுப்பது இழுவையும் மடிப்பும்தான். ஈரம் ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற கண்ணாடியில் உள்ள சின்ன வெடிப்பை மெல்ல மெல்லப் பெரிதாக்கும், அவ்வளவுதான். ஆகவே மழை வந்து லைன் போனால், மழையால் எது அசைந்தது என்று பார்க்க வேண்டும்.

கொம்பனியில் இருந்து முதலில் வந்தவர்கள் ஒன்றையும் அளக்கவில்லை. பாதையைப் பார்த்தார்கள், "இதைக் கேற்றில் இருந்து வீடு மட்டும் வெட்டித் தாங்கோ, நாங்கள் புது வயர் போட்டுவிடுறம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வயர் அவர்களுடையது, நிலம் நம்முடையது, இதுதான் கணக்கு. மேசனிடம் விலை கேட்டால் தலை சுற்றியது.

அடுத்து வந்தவன் சின்னப் பொடியன். கையில் வயருக்குள் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீற்றர் இருந்தது. முதலில் கம்பத்தில் ஏறி அளந்தான், டெசிபெல் கணக்கில் மைனஸ் 19. பிறகு வீட்டுச் சுவரில் உள்ள பெட்டியில் அளந்தான், மைனஸ் 31. "அக்கா, மைனஸ் 27க்குக் கீழை போனா ரவுட்டருக்குக் கண் தெரியாது" என்றான். மூன்று டெசிபெல் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், பன்னிரண்டு குறைந்தால் பதினாறில் ஒரு பங்குதான் வந்து சேரும். கம்பம் வரை பிழை இல்லை, கம்பத்துக்கும் சுவருக்கும் இடையில்தான் கோளாறு. சுவரில் உள்ள பச்சைக் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டுப் பார்த்தான், மாற்றம் இல்லை. தூணடியில் சுருட்டி விட்ட இடத்தையும் தடவிப் பார்த்தான், மேலால் வரும் துண்டையும் பார்த்தான், ஒரு காயமும் இல்லை. மிச்சம் பாதைக்குக் கீழேதான்.

சரி, பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி மற்றப் பக்கத்தால் இழுத்தால் வந்துவிடும் என்று பார்த்தால், ஒரு முழம் வந்து இறுகிவிட்டது. பிறகு இரண்டு பக்கத்தாலும் தடித்த கம்பியை விட்டுப் பார்த்தோம். கேற் பக்கத்தால் நெடுந்தூரம் போய் நின்றது, வீட்டுப் பக்கத்தால் ஐந்தடிகூடப் போகவில்லை. கம்பியில் ஒட்டு நாடா சுற்றி அடையாளம் வைத்து அதே நீளத்தைப் பாதைக்கு மேல் பிடித்தால், இரண்டும் போர்ட்டிக்கோவுக்குக் கிட்ட, கொங்கிறீற்றில் வெடிப்பு ஓடிய இடத்தில் வந்து முட்டின. அந்த இடம் கொஞ்சம் பதிந்தும் இருந்தது, மழைத் தண்ணீர் அதில் தேங்கும். அலவாங்கின் பின்பக்கத்தால் தட்டினால் மற்ற இடத்தில் "ணங்" என்ற சத்தம், இங்கே "தொம்".

கிடங்கு வெட்ட வந்த ஐயா நின்று கேட்டுவிட்டு, "பிள்ளை, இதிலை முந்திப் பங்கர் இருந்ததல்லோ?" என்றார்.

இருந்தது. யுத்தம் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது வளவில் மூடாத பங்கர், ஷெல்லுக்குப் பதுங்கும் குழி, ஒன்று கிடந்தது, இடிந்த சுவர்க் கல்லையும் மண்ணையும் போட்டு மூடினோம், இங்கே எல்லா வீட்டிலும் செய்தது போல. உள்ளே குறுக்கே கிடந்த பனங்குற்றிகளை யார் எடுத்தார்கள்? அவை கறையான் தின்று உக்கி, மேல் மண் வருடா வருடம் இறங்கியிருக்கிறது. கொங்கிறீற் மட்டும் பாலம் போலத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. குசினியைப் பெருப்பிக்க டிப்பரில் மணல் வந்து பின்பக்கமாக ஏறிய நாளில் அது வெடித்திருக்க வேண்டும். கீழே பைப் அந்தரத்தில் தொங்கி, சொக்கெற் போட்டு ஒட்டிய இடத்தில் கழன்று, மழை மண்ணோடு இன்னும் இறங்கி, வயரை விளிம்பில் மடித்துவிட்டது.

வன்னியில் பழைய பங்கர், பழைய காவலரண் இருந்த இடங்களைத் தோண்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அலவாங்கால் ஓங்கிக் குத்த வேண்டாம். கண்ணிவெடி எடுத்த காணி என்றாலும் ஷெல் துண்டும் வெடிக்காத சாமானும் வராது என்று ஒருவரும் கையெழுத்து வைத்துத் தரமாட்டார்கள். சந்தேகமாக எதையாவது கண்டால் தொடாமல், இழுக்காமல், ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு எடுங்கள். எங்கள் கிடங்கில் கிடைத்தது உக்கிய உரப்பைகள், துருப்பிடித்த தகரம், ஒரு உடைந்த போத்தல். ஐயா அதுவரை மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டித்தான் இறங்கினார், அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றடிக்கு மூன்றடி மட்டும் வெட்டினோம். வயர் அப்போதுதான் கண்ணில் பட்டது. தட்டையான கறுப்பு வயர், பைப்பின் உடைந்த விளிம்பில் நசிந்து அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, பக்கத்தில் ஓடும் உருக்குக் கம்பி துருப்பிடித்து வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பொடியன் கேற் பக்கத்தால் சிவப்பு லேசரைக் கொடுத்துவிட்டு வந்து, அந்த இடத்துத் தோலை நகத்தால் உரித்தான். உள்ளே மயிர்த் தடிப்புத்தான், 0.125 மில்லிமீற்றர் கண்ணாடி, அந்த மடிப்பில் இருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. வெயிலுக்குத் தெரியாமல் போக, ஐயா தன் தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்துப் பார்த்தார்.

அப்புறம் வந்தது வாக்குவாதம். அந்த இடத்திலேயே வெட்டி ஒட்டி, சின்னப் பெட்டி போட்டு மூடிவிடலாம், லேசான வேலை என்று பொடியனின் மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார். ஒட்டு நன்றாக இருக்கும், ஒழுங்காக ஒட்டினால் அதில் வெளிச்ச இழப்பு மிகக் குறைவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொங்கிறீற்றுக்குக் கீழே ஒட்டை வைத்து மூடினால் பிறகு அதைப் பார்க்க மறுபடி பாதையைத்தான் உடைக்க வேண்டும். கம்பத்தில் இருந்து சுவர் வரை ஒரே துண்டு வயர்தான் வேண்டும் என்று நின்றேன். பொடியனும் என் பக்கம்தான், ஆனால் வாய் திறக்கவில்லை, பாவம், அவனுக்கும் வேலை வேண்டுமே.

பங்கரில் கிடந்த குப்பையை அள்ளி எடுத்து, கிரவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, திரும்பவும் போட்டு இடித்து நிரப்பினோம். உடைந்த பைப் துண்டை மட்டும் மாற்றினோம். மிச்சப் பைப்புக்குள் அடைத்திருந்த சேற்றைக் கிணற்று மோட்டரின் தண்ணீர்க் குழாயைப் பூட்டி அடித்துக் கழுவினோம், மறுபக்கத்தால் செம்மண் தண்ணீர் பாய்ந்து வந்தது. பிறகு நைலோன் கயிறு விட்டு, கயிற்றோடு வயரை இழுத்தால் ஒருவர் கையாலேயே வந்தது. இன்னொரு கயிற்றை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறோம், அடுத்த முறை எவர் வந்தாலும் அதில் கட்டி இழுக்கட்டும். இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பால் மூடினோம், அகிழான் எலி புகுந்தால் வயரைக் கொறிக்காமல் விடாது. மூடுவதற்கு முன் கேற் தூணில் இருந்து அளவு நாடாவை நீட்டிப் படமும் எடுத்தேன்.

இப்போது சுவரில் மைனஸ் 20. வெட்டிய மூன்றடியை இன்னும் கொங்கிறீற் போட்டு மூடவில்லை, மேலே கிரவல் மட்டும்தான் கிடக்கிறது, இந்த மாரி முழுவதும் நனைந்து இறங்குவது இறங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகுதான் மேசன் வருவார். அந்த இடத்துக்குக் கம்பி வலை போட்டு ஊற்றினால் போதுமா, அல்லது பங்கர் இருந்த அகலத்துக்குப் பாதையை முழுதாக எடுத்துத்தான் போட வேண்டுமா? முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் இப்படிப் பங்கருக்கு மேல் பாதை போட்டவர்கள் யாராவது இருந்தால், டிப்பர் ஏறியும் தாங்குகிறதா என்று சொல்லுங்கள்.